அத்தை தைத்த பொந்த

நியூஜெர்சியில் இருக்கும் என் மகள் போன வருஷம் ஒரு சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, ஒரு துணியை கேமரா முன்னால் விரித்துக் காட்டினாள். சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தது. அதற்கென்றே வகுப்புக்குப் போகிறாளாம். துணி வெட்டச் சக்கரம் வைத்த கத்தி, கட்டம் போட்ட பாய், நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு என்று நூறு டாலருக்கு மேல் செலவாகிவிட்டதாம். "இதுக்குப் பேரு கில்ட்மா. பழைய துணியில செய்யறது" என்றாள். பழைய துணியில் செய்யும் வேலைக்காக அவள் கடையில் புதுத் துணி வாங்கி வெட்டியிருந்தாள்.

"நல்லா இருக்குடி" என்றேன். பிறகு பொறுக்க முடியாமல், "ஊசியை இன்னும் நெருக்கமா ஓட்டணும். உங்க அத்தைப் பாட்டி பார்த்தா பிரிச்சுப் போட்டிருப்பா" என்றேன்.

எங்கள் ஊர் வெதுருகுப்பம். சித்தூர் மாவட்டம். 'வெதுரு' என்றால் தெலுங்கில் மூங்கில், 'குப்பம்' நம்முடையது. ஊர்ப் பெயரே இரண்டு துணியைச் சேர்த்து ஒட்டுப் போட்டது மாதிரிதான். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் வாய்க்கு எது முதலில் வருகிறதோ அது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாகாணத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். 2022 ஏப்ரலில் மறுபடி கத்தரி எடுத்தார்கள். திருப்பதி தனி மாவட்டம் ஆனது, நாங்கள் சித்தூரோடு தங்கினோம். சாமிக்கும் சினிமாவுக்கும் துணிமணிக்கும் திருப்பதிக்கே போய்ப் பழகியவர்கள், கலெக்டரைப் பார்க்க மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏற வேண்டும்.

பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குத் தெலுங்கில் பொந்த என்று பெயர். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுவே. தமிழ்நாட்டு உறவினர்கள் வந்தால் 'ஒட்டுப் போர்வை' என்பார்கள். கேட்க ஏதோ ஏழ்மைச் சான்றிதழ் மாதிரி இருக்கும்.

எங்கள் தெருவில் பொந்த என்றால் அத்தைதான். அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாவது வருஷம், கிணறு வெட்டும் இடத்தில் மண் சரிந்து மாமா இறந்துபோனார். அத்தைக்கு அப்போது 24 வயது. குழந்தை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நான் அப்போது கைக்குழந்தை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டுத் திண்ணையின் ஒரு பகுதி.

வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் தானாக விலகிப் போயின. சாம்பல், மங்கிய நீலம், காவி. விசேஷ வீடுகளில் அவள் பின்கட்டில் நின்று கத்தரிக்காய் நறுக்குவாள். ஆனால் அவள் மடியில் எப்போதும் ஊர்ப் பெண்களின் கிளிப்பச்சையும் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் கிடக்கும். இது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. இப்போது படுகிறது.

ரவிக்கை தைக்க அவளிடம் ஒரு கை மிஷின் இருந்தது. சித்தூரில் யாரோ விற்ற பழைய சிங்கர். கறுப்பு உடம்பில் தங்க எழுத்து பாதி அழிந்திருக்கும். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ஒரு மாணவரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் செய்த கருவி அது என்பது அவர் வாதம். 1851இல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கரின் குடும்பக் கதை அவ்வளவு உத்தமமானதல்ல. ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நடத்திய மனிதர். காந்திக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எப்படியோ, அந்த மிஷின்தான் அத்தையை அண்ணன் கையை எதிர்பார்க்காமல் வைத்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே காந்தியோடு நான் ஒத்துப்போகிறேன்.

ரவிக்கை சம்பாத்தியத்துக்கு. பொந்த சந்தோஷத்துக்கு. அதற்கு மிஷினைத் தொட மாட்டாள், கை ஊசிதான்.

எனக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே துணி பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் திருப்பதி காந்தி ரோட்டில் ஜவுளிக்கடைக்குப் போனால் விற்பனைப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரல் வேறு வேலை செய்துகொண்டிருக்கும். முதலில் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்க வேண்டும். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சி. கஞ்சி போனபின் என்ன மிஞ்சும் என்பதுதான் துணி. அடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். நெசவு சீராக இருந்தால் வெளிச்சம் சல்லடையில் விழுந்த மாதிரி ஒரே அளவில் தெரியும், திட்டுத் திட்டாகத் தெரிந்தால் வேண்டாம். பிறகு உள்ளங்கையில் வைத்து இறுக்கி, இருபது எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். கசங்கியே இருந்தால் பருத்தி. ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்தால் அதில் பாலியெஸ்டர் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா, ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்து. பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகிச் சுருண்டு, கடைசியில் கடுகளவு கெட்டி மணியாக நிற்கும். பட்டு எரிந்தால் தலைமயிர் பொசுங்கும் வாசனை. கடைக்காரர் முன்னால் தீப்பெட்டி எடுக்க முடியாது என்பதால், நூலை மட்டும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியே வந்து கொளுத்திப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போவாள்.

வாங்கி வந்த துணியை அப்படியே வெட்டினால் அத்தைக்குக் கோபம் வரும். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறி, நிழலில் உலர வேண்டும். தறியில் இழுத்துக் கட்டி நெய்த நூல், முதல் தண்ணீரில்தான் தளர்ந்து தன் நிஜமான நீளத்துக்கு வரும். ரவிக்கைக்கு ரூபியா வாங்கி, அதற்கு உள்துணியாக மல் துணி வைத்து, இரண்டில் ஒன்றை மட்டும் நனைத்துத் தைத்தால் என்ன ஆகும் என்பது தைத்தவர்களுக்குத் தெரியும். முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றது தொங்கும். 1930இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு க்ளூயெட் என்பவர் துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்த் துணிகளின் ஓரத்திலும் 'சான்ஃபரைஸ்டு' என்று முத்திரை அடித்திருக்கும். அந்த முத்திரையைப் படித்துக் காட்டினாலும் அத்தை நனைக்காமல் விட மாட்டாள்.

சாயத்துக்கு இன்னொரு பரீட்சை. துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிய வேண்டும். நகரி, புத்தூர்ப் பக்கம் நெய்யும் கட்டம் போட்ட லுங்கித் துணிகள் இந்தப் பரீட்சையில் அடிக்கடி தோற்கும். (புத்தூர் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எலும்பு முறிவுக் கட்டு. எங்களுக்கு அது தறிச் சத்தம்.) சாயம் போகும் மெட்ராஸ் கட்டத் துணி 1958இல் அமெரிக்காவுக்குப் போய் சட்டையாகி, முதலில் புகார் கிளம்பி, பிறகு 'உறுதியாகச் சாயம் போகும்' என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்ற கதையை நான் பல வருஷம் கழித்துப் படித்தேன். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறமாம். அத்தையிடம் சொன்னேன். "வாங்கறவன் முட்டாளா இருந்தா துணிக்குத் தோஷமே கெடையாது பாப்பா" என்றாள்.

காளஹஸ்தி கலம்காரி மட்டும் அவளிடம் கேள்வியில்லாமல் தேறிவிடும். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்த துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பில், மூங்கில் பேனாவால் வரைவது. ஒருமுறை திருவிழாக் கடையில் அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, விலை கேட்காமல் திரும்பி வந்தாள். விலை கேட்டால் ஆசைக்கு ஓர் அளவு வந்துவிடுமே என்று நினைத்தாளோ என்னவோ.

பொந்த தைக்க அவள் கணக்கு இது. ஆறு கஜச் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்று அடுக்கு. ஒரு ஆள் படுக்கச் சரியான அளவு. சேலை குறைந்தது ஐந்து வருஷம் உடுத்தியதாக இருக்க வேண்டும். புதுச் சேலையில் பொந்த தைத்தால் மரப்பலகை மாதிரி இருக்கும். கிழிந்த இடத்தைக் கத்தரித்து நடு அடுக்கில் போட்டு, மேலே நிறம் நிறமாகச் சதுரங்களை வைத்து, நான்கு மூலையிலும் கல் வைத்துத் திண்ணையில் விரிப்பாள். முதலில் நீளமாகக் கச்சா தையல். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி, சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல். நூலை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொள்வாள், சிக்கு விழாது. ஒரு விரல் அகலத்துக்குள் நாலு தையல் விழ வேண்டும். அந்தத் தையல்தான் அடுக்குகளுக்கு நடுவில் காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிடித்துவைக்கிறது, குளிர் தாங்குவது அந்தக் காற்றுதான் என்று பிறகு அறிவியல் பாடம் நடத்தும்போது நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அத்தைக்கு அறிவியல் தெரியாது. தையல் அகலமானால் பொந்த 'சில்லுனு போயிடும்' என்று தெரியும்.

என்ன நிறத்துக்குப் பக்கத்தில் என்ன நிறம் என்பதில்தான் அவளுக்கு நேரம் போகும். ஒரு சதுரத்தை வைப்பாள், எழுந்துபோய் வாசலில் நின்று பார்ப்பாள், திரும்பி வந்து மாற்றுவாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியதெல்லாம் இந்த வேளையில்தான். கட்டத்துணிக்குப் பக்கத்தில் பூத்துணி வைத்தால் இரண்டும் சண்டை போடும், நடுவில் ஒரு வெறுந்துணி வேண்டும் என்பாள். எங்கள் வீட்டு அரசியலுக்கும் அதுதான் சூத்திரமாக இருந்தது. வெறுந்துணி அவள்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

1975. எனக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில், வீட்டிலிருந்து ஒரு நல்ல துணித்துண்டு கொண்டுவந்து கைக்குட்டை தைத்துக் காட்டச் சொன்னார்கள். எல்லோரும் பாப்ளின் துண்டு கொண்டுவருவார்கள் என்று தெரியும். எனக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சேலை. ஆரணிப் பட்டு. மயில்கழுத்து நிறம். திருப்பினால் நீலம், சாய்த்தால் பச்சை. நிறங்களைப் பற்றி அத்தை சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தத் துணியில் இருந்தது. விரலில் கசக்கினேன், கஞ்சி இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன், சீராக இருந்தது. உடுத்தினால் உள்ளே மறைந்துபோகும் பக்கமாகப் பார்த்து, ஒரு முழம் வெட்டிக்கொண்டேன். மடித்து வைத்தால் தெரியவா போகிறது?

அது என்ன சேலை என்று எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்திருக்கிறேன். பாதிதான் உண்மை. விசேஷமான சேலை என்று தெரியும். ஏன் அத்தை அதைக் கட்டுவதே இல்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பட்டுச் சேலையை மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு வரியில் இற்றுப்போகும். அதனால் அத்தை அவ்வப்போது எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பாள். அப்படி எடுத்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சேலை அவள் மடியில் இருந்தது. அம்மா எதுவும் கேட்காமலேயே அறைந்தாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இதை ஏன் எடுத்தே?"

"வீட்டிலேயே இதுதான் நல்ல துணி, அத்தே."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெட்டிய ஓரத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். கோணலாக, பல் பல்லாக இருந்தது. "பட்டை இப்பிடியா வெட்டுவாங்க? நூலை உருவணும்" என்றாள். ஓரத்திலிருந்து குறுக்கே ஓடும் ஒரே ஓர் ஊடை நூலை ஊசி முனையால் எடுத்து, மெதுவாக இழுத்தாள். துணி சுருங்கிச் சுருங்கி, நூல் வெளியே வந்தபின், அது இருந்த இடத்தில் மயிரிழை மாதிரி நேர்கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின் மேல் கத்தரியை ஓட்டினாள். நான் கோணலாக விட்டிருந்த ஓரம், நாலு விரல் அகலத்துக்கு, தனியாக விழுந்தது. அதையும் பொறுக்கி எடுத்துவைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி அம்மா சொல்லித்தான் அது கல்யாணச் சேலை என்று முழுதாகத் தெரிந்தது. ராசியில்லாத சேலை என்று அதை வீட்டில் யாருக்கும் கொடுக்க முடியாது, விற்கவும் மனசு வராது, கட்டவும் முடியாது. அதனால் பெட்டியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அத்தை தைத்த ஒவ்வொரு பொந்தவிலும், கீழ் மூலையில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சதுரம் வர ஆரம்பித்தது. நான் வெட்டியதிலிருந்து ஆரம்பித்து, மீதியையும் அவளே வெட்டினாள். கைக்குட்டையாகப் பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கிய துண்டும் ஒரு பொந்தவில் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் அவள் காரணம் சொல்லவில்லை. ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சதுரம் பிடித்துப்போனது. "பட்டு வெச்ச பொந்த" என்று கேட்டு வாங்கினார்கள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மகளின் பிரசவத்துக்காக ஒரு பொந்த தைத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டு எங்கிருந்து வந்தது என்று யாரோ அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். அவர் பொந்தவை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "பச்சைக் குழந்தைக்குப் போடறதுக்கா, உனக்கே தெரியணும்" என்று மட்டும் சொன்னார். அத்தை எழுந்து, "அந்தா உக்காருங்க" என்று பாய் போட்டாள். கத்தரி முனையால் அந்த ஒரு சதுரத்தின் தையலை மட்டும் பிரித்தாள். அந்த அம்மாள் கொடுத்திருந்த சேலையிலேயே மிச்சமிருந்த மஞ்சள் துண்டை அதே அளவுக்கு வெட்டி, மடித்து, அதே இடத்தில் வைத்துத் தைத்தாள். அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் இருவரும் மழையைப் பற்றியும் வேர்க்கடலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கூலி வாங்கவில்லை.

அந்த அம்மாள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அவர் கெட்டவரில்லை; பயந்தவர். அந்தப் பயம் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று பிறகு எனக்கே தெரிந்தது. அத்தை அதன்பின் வெளியார் பொந்த எதிலும் அந்தப் பட்டை வைக்கவில்லை.

1980இல் நான் கல்லூரிக்குத் திருப்பதிக்குப் போனபோது எனக்கென்று ஒரு பொந்த வந்தது. அதில் ஒன்றல்ல, ஏழு மயில்கழுத்துச் சதுரங்கள். விடுதியில் மற்ற பெண்களிடம் ஷோலாப்பூர் போர்வை இருந்தது. நான் பொந்தவை மெத்தைக்கு அடியில் விரித்து மறைத்தேன். மார்கழியில் மலையிலிருந்து குளிர் இறங்கிய ஒரு ராத்திரி, அதை உருவி எடுத்துப் போர்த்திக்கொண்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், எதிர்க் கட்டிலில் கடப்பாவிலிருந்து வந்த பெண்ணும் தன் மெத்தைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்திருந்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அவரவர் பொந்தவின் தையலை ஒப்பிட்டுப் பார்த்தோம். என்னுடையதுதான் நெருக்கம்.

1983இல் என்.டி.ராமாராவ் ஆட்சிக்கு வந்தபின் இரண்டு ரூபாய் அரிசியோடு மானிய விலையில் ஜனதா சேலைகளும் வந்தன. கட்டுகிறவர்களுக்கு அவை முரடு. அத்தை மட்டும், "நாலு வருஷம் போனா பொந்தவுக்கு இதைவிட நல்ல துணி கெடைக்காது" என்று காத்திருந்தாள். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஊரே பாலியெஸ்டருக்கு மாறிவிட்டது. துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம், கிழியாது. வயலில் வேலை செய்கிற பெண் அதை விரும்பியதில் என்ன தப்பு? ஆனால் பாலியெஸ்டர் பழசாவதே இல்லை. பத்து வருஷம் உடுத்தினாலும் மெத்தென்று ஆகாது, வியர்வையை உறிஞ்சாது, அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஊசிக்குப் பிடிகொடுக்காது. பொந்தவைக் கொன்றது கம்பளி அல்ல, சேலைதான் என்பது என் கட்சி. மிங்க் போர்வைகள் வந்தது அதற்கப்புறம்.

படித்துத் தெரிந்துகொண்டதில், இது எங்கள் தெருவின் சொந்தக் கலை இல்லை என்பது முதலில் ஏமாற்றமாகவும் பிறகு சந்தோஷமாகவும் இருந்தது. வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். நம் 'கந்தை'க்கு உறவுச் சொல். அங்கே நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்துதான் உருவுவார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி. வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. அவர்களும் அத்தை மாதிரியே ஓரத்தில் தொடங்கி உள்ளே போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் 'பூ' வைக்காமல் முடிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளில் தைத்த போர்வைகளை 2002இல் பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியம் போலச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் தபால்தலையும் வெளியிட்டார்கள். அந்தப் படங்களை அத்தைக்குக் காட்டினேன். ஒரு போர்வையைச் சுட்டி, "இவ புருஷனோட கால்சட்டைடீ இது. முட்டி வெளுத்துப்போயிருக்கு பாரு" என்றாள். அருங்காட்சியகக் குறிப்பில் அப்படிப்பட்ட ஒரு போர்வையைப் பற்றி அதேதான் எழுதியிருந்தது: இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகள்.

அத்தை 2016இல் போனாள். கடைசி இரண்டு வருஷம் கண்புரை. ஊசியில் நூல் கோக்க நான்தான் வேண்டும். ஆனால் துணியைத் தொட்டு நிறம் சொல்வாள். எப்படி என்றால், அவள் தொட்ட துணியெல்லாம் ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்தவை. மிஷின் என்னிடம் வந்தது. 2020 ஏப்ரலில் ஆந்திர அரசு ஆளுக்கு மூன்று வீதம் 16 கோடி முகக்கவசங்கள் கொடுக்கப்போவதாக அறிவித்து, சுயஉதவிக் குழுப் பெண்களிடம் தைக்கக் கொடுத்தபோது, எங்கள் தெருவிலும் எல்லா மிஷினும் ஓடியது. நானும் எண்ணெய் விட்டு அதை எடுத்தேன். முப்பத்தைந்து வருஷமாக வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்த கை, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் என்னவோ விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது போலிருந்தது. அன்றிலிருந்து நிறுத்தவில்லை. ரவிக்கை, தலையணை உறை, பேத்திகளுக்குப் பாவாடை. இதில் காசு மிச்சமா என்றால் இல்லை. கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை நான் நானூறு ரூபாய்த் துணி வாங்கித் தைக்கிறேன். ஆனால் மத்தியானம் மூன்று மணி எப்போது ஐந்தாகிறது என்று தெரிவதில்லை.

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். "நான் தைக்கிறது கில்ட்தான்மா. எனக்குப் பொந்த வேணும். நீ தைச்சது" என்றாள். என் சேலைகளில் பருத்தியாகப் பார்த்து நாலு எடுத்தேன். மங்களகிரி ஒன்று, வெங்கடகிரி ஒன்று, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய கோ-ஆப்டெக்ஸ் இரண்டு. ஊறவைத்து, உலர்த்தி, அடுக்கிவிட்டேன். மேல் அடுக்குக்கு நிறம் தேர்ந்தெடுத்து, வாசலில் நின்று பார்த்து, மாற்றி, குழம்பையும் தீய்த்தாகிவிட்டது. கீழ் மூலை மட்டும் காலியாக இருந்தது.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் முந்தானை மட்டும் மிச்சம். முக்கால் கஜம் இருக்கும். ஜரிகை கறுத்துவிட்டது, நிறம் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வெட்டாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வருஷம் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பாடம் நடத்தியவள். பக்கத்துத் தெரு அம்மாளின் மேல் இத்தனை வருஷம் கோபம் வைத்திருந்தவள். பிறக்கப்போகிற குழந்தை என்றதும் எனக்கும் கை வரவில்லை. சம்பந்தி வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குதான் அது.

மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டு, நான் வெட்டிய கதையிலிருந்து திண்ணையில் பிரித்த கதை வரை எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய சேலை, ஏன் யாரும் கட்டவில்லை, ஏன் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தெரியாமல் வைத்து அனுப்பக் கூடாது என்று தோன்றியது. அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "குழந்தையோட தலைப்பக்கமா வருமா, கால்பக்கமா வருமா?" என்று கேட்டாள்.

"அத்தை எப்பவும் கால்பக்கம்தான் வைப்பா."

"நீ தலைப்பக்கம் வை" என்றாள்.

பட்டு பழசு. அடியில் மல் துணி கொடுத்துத்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே இற்றுவிடும். மல் துணியை நேற்று ராத்திரி ஊறவைத்தேன். இன்று காலை வெளிச்சம் வந்ததும் முந்தானையை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குறுக்கே ஓடும் ஒரு நூலை ஊசி முனையில் எடுத்தேன். பாதி தூரம் வந்ததும் அறுந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலான நூல். அறுந்த இடத்தில் ஊசியை விட்டு, மறுநுனியைத் தேடிப் பிடித்து, மறுபடி இழுத்தேன்.